ஒன்றரை அடிச் சொல்

அன்புள்ள ஐயா,

ஆங்கிலக் கட்டுரை ஒன்றில் 'செஸ்க்விபிடேலியன்' என்ற பெயரடையைக் கண்டேன். 'நீண்ட சொற்கள் நிறைந்த' என்கிறது அகராதி. உள்ளே 'பெடல்' தெரிவதால் காலோடு தொடர்பிருக்குமோ என்று நினைத்தேன். முன்பகுதி ஆறைக் குறிக்கும் என்கிறார் நண்பர். எப்படிப் பிரிப்பது? எங்கே பயன்படுத்துவது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கால் சரி, ஆறு தவறு. லத்தீனில் 'செமிஸ்' என்றால் அரை. அதோடு 'க்வெ' சேர்ந்து 'செஸ்க்வி' ஆனது. இந்த 'க்வெ' நம் 'உம்' போலவே சொல்லின் வாலில் ஒட்டும் இடைச்சொல். நேர்ப்பொருள் 'அரையும்'; முன்னால் வரவேண்டிய 'ஒன்றும்' தொக்கி நிற்கிறது. அதை விட்டுவிட்டு 'அரை' என்று மட்டும் பொருள்கொள்வது பிழை. ஒன்றரை என்பதே சரி.

'பெஸ்' என்றால் பாதம். வேற்றுமை ஏற்கும்போது 'பெட்' என்று திரியும். பெடல், பெடஸ்ட்ரியன் எல்லாம் இந்த வேர்தான். பீடியாட்ரிக்ஸை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். அது குழந்தையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

ஆக, ஒன்றரை அடி நீளமுள்ளது. ரோமானிய அடி சுமார் 29.6 செ.மீ., ஒன்றரை அடி 44 செ.மீ. சொச்சம். அதுவே அவர்களுடைய முழமும். ஒன்றரை அடிச் சதுரச் செங்கல்லுக்கு ரோமில் இதே பெயர்தான்: செஸ்க்விபெடாலிஸ். அந்த அளவைச் சொற்களுக்குப் பொருத்தியவர் கவிஞர் ஹொரேஸ். 'கவிதைக் கலை'யின் 97ஆம் வரியில், வறுமையிலும் நாடுகடத்தலிலும் துவளும் துன்பியல் நாயகன் பார்ப்பவர் நெஞ்சைத் தொட விரும்பினால் குப்பிகளையும் ஒன்றரை அடிச் சொற்களையும் வீசியெறிவான் என்கிறார். குப்பி என்றது வயிறு பருத்த குடுவையை, அதாவது ஊதிப் பெருத்த பேச்சை. எவ்வளவு கூர்மையான அறிவுரை! துயரத்தில் இருப்பவன் வாயில் ஆடம்பரச் சொல் வந்தால் எவரும் நம்பமாட்டார்கள். ஆங்கிலம் 17ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது.

உச்சரிக்கும்போது அழுத்தம் 'டே'யில் விழவேண்டும். நீண்ட சொல்லையும், அப்படிப்பட்ட சொற்களால் ஆன நடையையும், அப்படிப் பேசுபவரையும் இந்தப் பெயரடையால் குறிக்கலாம். பலர் சறுக்கும் இடம், வளவளவென்று நீளும் பேச்சுக்கும் இதைப் போட்டுவிடுவது. அதற்கு 'வெர்போஸ்', 'ப்ரோலிக்ஸ்' இருக்கின்றன. சின்னச் சின்னச் சொற்களாலேயே ஒருவர் மூன்று மணி நேரம் பேசினால் அது செஸ்க்விபிடேலியன் ஆகாது.

இந்த 'செஸ்க்வி' வேறு இடங்களிலும் தென்படும். 150ஆம் ஆண்டு நிறைவு 'செஸ்க்விசென்டென்னியல்'. வேதியியலில் இரண்டு இரும்பணுவுக்கு மூன்று ஆக்சிஜன் அணு, அதாவது ஒன்றுக்கு ஒன்றரை என்ற விகிதத்தில் அமைந்த ஆக்சைடு 'செஸ்க்விஆக்சைடு'.