சப்ஃப்ரேம் மாற்றிய பழைய பிக்கப் இடப்பக்கம் இழுப்பது ஏன்?

கமாரோ காரின் சப்ஃப்ரேம் (முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டம்) போட்ட பழைய செவர்லே பிக்கப், அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது) செய்தும் இடப்பக்கமே இழுக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அலைன்மென்ட் மெஷினை விடுங்கள், முதலில் டேப்பை எடுங்கள். லோயர் பால் ஜாயின்ட்டிலிருந்து (முன் சக்கரப் பகுதியைக் கீழ் ஆர்மோடு இணைக்கும் உருண்டை மூட்டு) பின் ஆக்சில் வரை இருபுறமும் அளந்து பாருங்கள். 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் சப்ஃப்ரேமே கோணலாக உட்கார்ந்திருக்கலாம். அதை ஷிம் (மெல்லிய உலோகத் தகடு) வைத்து மறைக்காதீர்கள்.

அடுத்தது கேஸ்டர், அதாவது பக்கவாட்டில் பார்த்தால் ஸ்டியரிங் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம். பெரும்பாலும் கோளாறு இங்கேதான். சேஸிஸ் முன்பக்கம் 2 டிகிரி தாழ்ந்திருந்தால் கேஸ்டரிலும் 2 டிகிரி போய்விடும். பவர் ஸ்டியரிங் என்றால் +3 முதல் +5 டிகிரி வரை வையுங்கள். சஸ்பென்ஷன் மேல் ஆர்மின் முன் போல்ட்டில் இருக்கும் ஷிம்மை உருவிப் பின் போல்ட்டில் சொருகினால் கேஸ்டர் ஏறும். சென்னை ரோடு மழைத்தண்ணீர் வடிய இடது ஓரமாகச் சரிந்திருக்கும், வண்டியும் அந்தப் பக்கம் போகப் பார்க்கும். அதனால் இடது சக்கரத்துக்கு கேஸ்டரை அரை டிகிரி கூடுதலாகக் கொடுங்கள்.

கேம்பர், அதாவது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம், 0 முதல் -0.5 டிகிரி போதும். டோ-இன் (முன் சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கி இருக்கும் அளவு) 2 மி.மீ., அதுவும் கடைசியில்தான். மற்ற இரண்டைத் தொட்டாலே டோ மாறிவிடும்.