பழைய எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரின் உள் டிரிம்மை, அதாவது கார்பெட், கதவு அட்டை வகையறாவை, நாமே கழற்றி மாட்ட முடியுமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: 70களில் வந்த எம்ஜிபி ரோட்ஸ்டர், கூரையில்லாத வகை, வாங்கியிருக்கிறீர்கள். டோர் பேடு (கதவின் உள்பக்கத்தை மூடும் அட்டை) உப்பிக் கிடக்கிறது, கார்பெட் நாறுகிறது. புது கார்பெட் செட்டும் டோர் பேடும் வந்து இறங்கிவிட்டன. இந்த சனி ஞாயிறில் பழசைப் பிடுங்கிப் புதுசை மாட்டிவிடலாமா?

பிடுங்கலாம். மாட்டாதீர்கள். புது செட்டைப் பெட்டியோடு ஒரு மூலையில் வையுங்கள், குறைந்தது ஒரு நல்ல மழை பெய்து முடியும் வரைக்கும்.

நான் இருப்பது இங்கிலாந்தில், லெஸ்டரில். என்னுடையது 1972 மாடல். வாங்கின புதிதில் உங்களைப் போலத்தான் ஆசை ஆசையாக எல்லாவற்றையும் மாற்றினேன். அடுத்த மார்ச் மாதம் ஓட்டுநர் பக்கத்துக் கார்பெட்டைத் தூக்கிப் பார்த்தால், அடியில் விரித்த ஃபெல்ட்டைப் பிழிந்து ஒரு டம்ளர் தண்ணீர் எடுக்கலாம் போல இருந்தது. புது டோர் பேடின் கீழ் ஓரம் நமத்துப்போன அப்பளம் மாதிரி நெளிந்து கிடந்தது. தப்பு யாருடையதும் இல்லை, என்னுடையதுதான். டோர் பேடுக்குப் பின்னால் கிழிந்து தொங்கிய பிளாஸ்டிக் தாளை "இது எதுக்கு" என்று கிழித்துக் குப்பையில் போட்டவன் நான்.

அந்தத் தாள் எதற்கு என்றால், கார்க் கதவு தண்ணீர் புகாத பெட்டி இல்லை. கண்ணாடி ஏறி இறங்கும் பிளவு வழியாக மழை உள்ளே போகத்தான் செய்யும். அது கதவுக்குள்ளேயே வழிந்து, அடியில் உள்ள ஓட்டைகள் வழியாக வெளியே போக வேண்டும் என்பதுதான் கணக்கு. நடுவில் அந்தத் தாள் இல்லையென்றால் தண்ணீர் நேராக டோர் பேடின் முதுகில் படும். பேடு என்பது ரெக்சின் போர்த்திய ஹார்ட்போர்டு, அவ்வளவுதான். பின்பக்கம் வெறும் அட்டை. குடிக்கிற அளவு குடித்துவிட்டு உப்பும். ஆகவே முதல் வேலை, ஒரு கம்பியை விட்டு கதவின் அடி ஓட்டைகளைக் குத்திச் சுத்தம் செய்யுங்கள். அப்புறம் கனமான பாலித்தீன் தாள் வெட்டி, ஓரம் முழுக்கப் பிசின் பட்டை வைத்து ஒட்டுங்கள். தாளின் கீழ் நுனி கதவுக்கு உள்ளே மடங்கிப் போக வேண்டும். வெளியே தொங்கினால், தாளே தண்ணீரை வண்டிக்குள் கொண்டுவந்து ஊற்றும்.

எம்ஜிபியில் இன்னொரு திருட்டு வழி உண்டு. விண்ட்ஸ்கிரீனுக்கு முன்னால், ஹீட்டருக்குக் காற்று போகும் கிராதி இருக்கிறதல்லவா, அதில் விழும் மழைநீர் வெளியேற ஒரு ரப்பர் குழாய் வண்டியின் அடி வரை இறங்குகிறது. இலைச் சருகும் சேறும் சேர்ந்து அதன் வாய் அடைத்துக்கொள்ளும். மேலே தண்ணீர் தேங்கி, நிரம்பி, உங்கள் காலடியில் இறங்கும். என் வண்டியில் இதைக் கண்டுபிடித்தது என் மனைவிதான். நான் உள்ளே டார்ச்சோடு குப்புறப் படுத்துக்கொண்டேன், அவள் வெளியே பூவாளியில் தண்ணீர் ஊற்றினாள். "வருதாங்க?" "இல்ல." "இப்ப?" கிராதி மேல் ஊற்றிய மூன்றாவது வாளியில் என் கழுத்தில் சொட்டியது. சீட்டும் கார்பெட்டும் இல்லாத வெறும் வண்டியில்தான் இந்தச் சோதனையைச் செய்ய முடியும். அதனால்தான் பெட்டியைப் பிரிக்காதீர்கள் என்கிறேன்.

சரி, கழற்றுவதற்கு வருவோம்.

டிரிம்மைப் பிடித்திருக்கும் திருகாணியின் தலையை முதலில் உற்றுப் பாருங்கள். பிளஸ் குறிக்கு நடுவே, பெருக்கல் குறி போட்டதுபோல் நான்கு மெல்லிய கோடுகள் இருந்தால் அது போசிடிரைவ். பார்வைக்குச் சாதாரண பிலிப்ஸ் ஸ்டார் மாதிரியே இருக்கும். பிலிப்ஸ் திருப்புளியை வைத்துத் திருகினால் நழுவி நழுவித் தலையைத் தின்றுவிடும். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகளில் டிரிம் ஆணிகள் பெரும்பாலும் இந்த வகைதான். இரண்டாம் எண் போசிடிரைவ் ஒன்று வாங்கி வையுங்கள், பாதித் தலைவலி போய்விடும். போல்ட்டுகள் அங்குலக் கணக்கு, யுஎன்எஃப் என்ற நெருக்கமான மரை. அரை அங்குலத் தலைக்கு 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் உட்காரத்தான் செய்யும். ஆனால் அரை அங்குலம் என்பது 12.7. அந்த 0.3 துருப்பிடித்த போல்ட்டின் முனைகளை உருட்டப் போதும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பேட்டரி. 1974 வரை வந்த வண்டிகளில் ஒன்றல்ல, இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள், சீட்டுக்குப் பின்னால் ஒரு மூடிக்கு அடியில். எர்த் ஒயரை, அதாவது பேட்டரியிலிருந்து வண்டியின் உடலுக்குப் போகும் ஒயரை, முதலில் கழற்றுங்கள். 1967 வரை வந்த வண்டி என்றால் பாசிட்டிவ் எர்த், பிளஸ் முனைதான் உடலோடு சேர்ந்திருக்கும்; அப்புறம் வந்தது நெகட்டிவ். யாராவது நடுவில் மாற்றியிருக்கவும் கூடும், கண்ணால் பார்த்துவிட்டுத் தொடுங்கள். அந்த மூடியின் மேல் வரும் கார்பெட்டைத் திரும்ப ஒட்டும்போது பசை தடவிவிடாதீர்கள். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் தடவியிருந்தார். பேட்டரிக்குத் தண்ணீர் விடக்கூடக் கார்பெட்டைக் கிழிக்க வேண்டியிருந்தது.

சீட்டுக்கு நான்கு போல்ட். சீட்டை முன்னே தள்ளினால் பின் போல்ட், பின்னே தள்ளினால் முன் போல்ட். இரண்டு நாள் முன்பே வண்டியின் அடியிலிருந்து துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். நட்டு தரைத் தகட்டோடு சேர்ந்தது. அவசரப்பட்டு முறுக்கினால் நட்டும் கூடவே சுற்றும், அப்புறம் வெல்டிங்காரரைத் தேட வேண்டியதுதான். சீட்டின் தண்டவாளத்துக்கு அடியில் மரச்சட்டங்கள் இருக்கும். ஆமாம், மரம்தான். மக்கிப் போயிருந்தால் அதே கனத்தில் புதிது வெட்டிக்கொள்ளுங்கள்.

டோர் பேடுக்கு, முதலில் கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டுக் கைப்பிடி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று ஒரு படம் எடுங்கள். இல்லாவிட்டால் மாட்டிய பிறகு இரண்டு கதவிலும் இரண்டு திசையில் நிற்கும், ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் உறுத்தும். கண்ணாடிக் கைப்பிடிக்கு நடுவில் ஒரே ஒரு ஆணி. கதவை இழுத்துச் சாத்தும் பிடிக்கு இரண்டு. இவையெல்லாம் கழன்ற பிறகு பேடு கிளிப்புகளில் மட்டும் தொங்கும். இங்கேதான் எல்லோரும் ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுக்கிறார்கள். கிளிப் கதவிலேயே நிற்கும், ஹார்ட்போர்டுதான் பிய்ந்து வரும். பெயின்டர்கள் பட்டி பார்க்கும் தகடு ஒன்றை பேடுக்கும் கதவுக்கும் நடுவில் நுழைத்து ஓரமாக நகர்த்திக்கொண்டே போங்கள். எங்கே இடிக்கிறதோ அங்கே கிளிப். அதன் கழுத்தை ஒட்டி இரண்டு பக்கமும் நெம்புகோல் கொடுத்தால் டப்பென்று வந்துவிடும். நான் முதல் கதவுக்கு முக்கால் மணி நேரம் எடுத்தேன். இரண்டாவதுக்குப் பத்து நிமிடம்.

டேஷ்போர்டைத் தொடாதீர்கள். ஹீட்டரை வைத்துவிட்டு அதைச் சுற்றித்தான் இந்த வண்டியைக் கட்டினார்கள் என்று எம்ஜிபிக்காரர்கள் கேலி பேசுவார்கள். அந்தப் பக்கம் போனவர்களுக்குத்தான் அதன் அர்த்தம் புரியும்.

பழைய கார்பெட் கழன்று வந்ததும் கதவுக்குக் கீழே ஓடும் ஸில்லைத் திருப்புளி முனையால் தட்டிப் பாருங்கள். கூரை இல்லாத, தனிச் சட்டமும் இல்லாத வண்டி இது. பலம் பெரும்பாலும் அந்த ஸில்லில்தான் இருக்கிறது. திருப்புளி உள்ளே இறங்கினால் டிரிம் வேலையை அன்றோடு நிறுத்திவிட்டு வெல்டிங்குக்கு அனுப்புங்கள். புது கார்பெட் ஒட்டிய பிறகு வெல்டிங் வைத்தால் அதுவும் எரியும்.

மாட்டும்போது ஸில், சக்கர வளைவு, கியர்பாக்ஸ் மேடு ஆகியவற்றுக்கு மட்டும் பசை. தரைக் கார்பெட்டை ஒட்டாமல் விடுங்கள், தூக்கிக் காயவைக்கலாம். பசை என்றால் செருப்புக்கடையில் போடுவது மாதிரி, இரண்டு பக்கமும் தடவி விரலில் ஒட்டாத வரை காயவிட்டு ஒட்டும் ரகம். தொட்டால் தொட்டதுதான், நகர்த்த முடியாது. அதனால் நடுவே பேக்கிங் தாளை வைத்து, இடம் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தாளை உருவுங்கள். ரெக்சின் குளிரில் விறைத்து நின்றால் ஹேர் டிரையர் காட்டுங்கள். கராஜ் கதவு திறந்தே இருக்கட்டும், அந்தப் பசை வாசத்தில் எனக்கு ஒரு ராத்திரி முழுக்கத் தலை இடித்தது.

போல்ட் ஓட்டை போடக் கார்பெட்டில் டிரில்லை மட்டும் வைக்காதீர்கள். டிரில் முனை ஒரு இழையைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தால், கண் இமைப்பதற்குள் கார்பெட்டின் குறுக்கே ஒரு முழக் கோடு மொட்டையாகிவிடும். என் கார்பெட்டில் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது, மேலே ஒரு மிதியடி போட்டு மறைத்திருக்கிறேன். அடியிலிருந்து குத்தூசியால் ஓட்டையின் இடத்தைக் கண்டுபிடித்து, தோலில் ஓட்டை போடும் பஞ்ச்சால் வெட்டுங்கள். நைலான் கார்பெட் என்றால் சூடான சால்டரிங் அயர்ன் இன்னும் நல்லது, ஓரம் உருகிப் பிரியாமல் நிற்கும்.

சீட் பெல்ட் போல்ட் மட்டும் அழகு விஷயம் இல்லை. 7/16 அங்குல யுஎன்எஃப். அது உலோகத்தின் மேல் இறுக வேண்டும், நடுவில் கார்பெட் சிக்கக் கூடாது. அந்த இடத்தில் ஓட்டையைத் தாராளமாகவே வெட்டுங்கள். ஸ்பேசரும் வாஷரும் கழற்றின வரிசையிலேயே திரும்பப் போக வேண்டும்.

கதவு வாசலைச் சுற்றிய பீடிங் கடைசியில். கார்பெட் ஓரம், ரெக்சின் ஓரம் எல்லாவற்றையும் அதுதான் கவ்விப் பிடிக்கும். ரப்பர் சுத்தியலால் தட்டினால் உட்காரும். புது பீடிங் போட்ட பிறகு சில வாரம் கதவு சரியாகச் சாத்தாது, பூட்டை மாற்றிவைக்காதீர்கள், தானே அமுங்கிவிடும்.

உங்களிடம் வந்திருக்கும் புது டோர் பேடில் கைப்பிடி ஓட்டைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பலவற்றில் இருக்காது. அப்போது பழைய பேடைப் புதியதன் முதுகில் கவிழ்த்து வைத்துத்தான் குறிக்க வேண்டும், ஆகவே எவ்வளவு உப்பியிருந்தாலும் பழசைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். குறிப்பதற்கு முன் இடது எது வலது எது என்று இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள். கேட்காதீர்கள், எப்படித் தெரியும் என்று.