தெருவில் தொலைநோக்கி வைத்து மக்களுக்கு வானம் காட்டினால் அறிவியல் ஆர்வம் வருமா? எப்படிச் செய்வது?

6 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி (எளிய மரத் தாங்கியில் திருப்பிப் பார்க்கும் ஆடி வகை) கையில் இருக்கிறது, அக்கம்பக்கத்தாருக்கு வானம் காட்ட ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யுங்கள். இந்த வகைக் கருவியின் நோக்கமே அதுதான். இதற்குப் பெயர் தந்தவரும் வேதாந்த மடத்தில் துறவியாக இருந்தவருமான ஜான் டாப்சன், 1960-களில் சான் ஃபிரான்சிஸ்கோ நடைபாதைகளில் இதை வைத்து, போகிறவர் வருகிறவரை எல்லாம் நிறுத்தி நிலாவைக் காட்டினார்.

முதலில் நாளைச் சரியாகப் பாருங்கள். பௌர்ணமி வேண்டாம். அன்று சூரிய ஒளி நேராக விழுவதால் நிலாவில் நிழலே இருக்காது, பள்ளங்கள் தட்டையாகிவிடும், கண்ணும் கூசும். வளர்பிறை சஷ்டி முதல் தசமி வரை நல்லது. அரை நிலா சூரியன் மறையும்போதே உச்சியில் நிற்கும், இரவு ஒன்பது வரை நிம்மதியாகக் காட்டலாம். இருளும் ஒளியும் சந்திக்கும் கோட்டை ஒட்டிய பள்ளங்களைக் காட்டுங்கள். கருவியை அரை மணி நேரம் முன்பே வெளியே வைத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் ஆடி (ஒளியைக் குவிக்கும் கண்ணாடி) சூடாக இருந்தால் பிம்பம் நெளியும்.

உங்கள் கருவியின் குவியத் தூரம் (ஆடியிலிருந்து ஒளி குவியும் இடம் வரை உள்ள தூரம்) 1200 மி.மீ. என்றால், 25 மி.மீ. ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) 48 மடங்கும் 10 மி.மீ. ஐபீஸில் 120 மடங்கும் பெரிதாகத் தெரியும். பூமி சுழல்வதால் 120 மடங்கில் ஒரு கோள் சுமார் 100 விநாடியில் பார்வைப் புலத்தைக் கடந்துவிடும். புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள். மூன்றாவது ஆள் வெறும் கறுப்பைப் பார்த்துவிட்டு, மரியாதைக்காக "ஆமா சார், தெரியுது" என்று சொல்லி நகர்ந்துவிடுவார். அதைவிடப் பெரிய தோல்வி இதில் கிடையாது. ஒவ்வொருவர் பார்த்த பின்பும் நீங்களே ஒரு முறை பார்த்துக் கோளை விளிம்பருகே வைத்துவிடுங்கள். அடுத்தவர் குனிவதற்குள் அது நடுவுக்கு வரும். கூட்டம் அதிகமென்றால் 48 மடங்கே போதும், அதில் நான்கு நிமிடம் நிற்கும். சிறுவர்களுக்கு ஒரு ஸ்டூல் வையுங்கள், கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். ஐபீஸைப் பிடித்துத் தொங்குவது அவர்கள் இயல்பு.

ஒருவருக்கு ஒரு நிமிடம் என்றால் ஒரு மணி நேரத்தில் 60 பேர்தான். அதனால் கருவியருகே ஒருவர், வரிசையில் நிற்பவர்களிடம் பேச இன்னொருவர் என்று இரண்டு பேர் கட்டாயம் வேண்டும். கருவியருகே இருப்பவர் விரிவுரை ஆற்றக் கூடாது. "என்ன தெரியுது?" என்று மட்டும் கேட்கட்டும். பதிலை வைத்தே அவர் உண்மையில் பார்த்தாரா என்பது புரியும். வரிசையில் பேசுபவர் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: கோள் சிறியதாகத்தான் தெரியும், ஆனால் அது படம் இல்லை, சனியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் பயணம் செய்து வந்த ஒளி. இதைச் சொல்லாவிட்டால், விண்கலம் எடுத்த வண்ணப் படங்களைப் பார்த்துப் பழகியவர்கள் ஏமாந்துபோவார்கள். சனியின் வளையம் 2025 மார்ச்சில் விளிம்பு நமக்கு நேராக இருந்து கோடாய் மெலிந்திருந்தது. 2032 வாக்கில் நன்கு விரிந்து தெரியும்.

"சனியைப் பார்த்தா ஏதாவது ஆயிடுமா?" என்று யாராவது கட்டாயம் கேட்பார். சிரித்துவிடாதீர்கள். அந்தக் கேள்வியோடு வருபவர் வானத்தைப் பற்றி ஏற்கெனவே ஏதோ அறிந்தவர். ஏழரைச் சனி ஏன் ஏழரை என்று அவரிடமே கேளுங்கள். சனி சூரியனை ஒரு முறை சுற்ற ஏறக்குறைய 29½ ஆண்டு, ராசிகள் 12, ஆக ஒரு ராசிக்குச் சுமார் 2½ ஆண்டு. மூன்று ராசிக்கு ஏழரை. வியாழனுக்குச் சுமார் 12 ஆண்டு. ஆண்டுக்கொரு குருப்பெயர்ச்சியும், 12 ஆண்டுக்கொரு முறை கும்பகோணம் மகாமகமும் அதனால்தான். நம்பிக்கையோடு மல்லுக்கட்டாமல், அதற்குள் இருக்கும் அளவீட்டை எடுத்துக் காட்டுங்கள். அச்சம் தானாகவே ஆர்வமாக மாறுவதற்கு இதுவே வழி என்பது என் உறுதியான கருத்து.

பகலில் சூரியனைக் காட்டச் சொல்லிக் கேட்பார்கள். குழாயின் முன்வாயை முழுவதும் மூடும் சூரிய வடிகட்டி இல்லாமல் கூடவே கூடாது. ஐபீஸில் திருகும் சிறிய கறுப்புக் கண்ணாடி, குவிந்த வெப்பத்தில் வெடிக்கும். வெடித்தால் பார்வை போய்விடும். ஃபைண்டரையும் (குறிபார்க்கக் குழாயின் மேல் பொருத்திய சிறு கருவி) மூடியிட்டு மூடுங்கள். கருவியை விட்டு ஒரு விநாடி கூட நகராதீர்கள்.

வியாழன் தெரியும் மாதங்களில் வட்டம் போட்ட தாள் துண்டுகளையும் பென்சிலையும் கொண்டு போங்கள். பக்கத்தில் தெரியும் நான்கு புள்ளிகளை, அதாவது வியாழனின் நிலவுகளை, அவரவரே குறித்துக்கொள்ளட்டும். 1610 ஜனவரியில் கலிலியோ செய்ததும் இதுதான். அவற்றில் மிக உள்ளே சுற்றும் அயோ நிலவுக்கு ஒரு சுற்றுக்கு 42½ மணி நேரம். இன்று வியாழனின் ஒரு பக்கம் நன்கு விலகித் தெரிந்தால் நாளை இதே நேரம் மறுபக்கத்தில் இருக்கும். எது அயோ என்று ஸ்டெல்லேரியம் செயலி காட்டும். இந்த இடமாற்றத்தை அவர்களே காண வேண்டும் என்பதால் ஒரே நாள் நிகழ்ச்சியாக வைக்காதீர்கள். அடுத்தடுத்த இரண்டு மாலைகள், அதே இடம், அதே நேரம் என்று அறிவியுங்கள்.