சரளைக் காடும் கரட்டு நிலமும்: கேள்வி பதில்

மலையடிவாரம், கரடு (கல் மேடு), சரளைக் காடு (எங்கள் பக்கம் மானாவாரி நிலத்தைக் காடு என்போம்), சுக்கான் பாறை (சுண்ணாம்புக் கல்) நிலம் பற்றி யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். நான் மண் அளவைப் பணியில் இருந்தவன். மண்ணின் ஆழம், கல், சரிவு, ஈரம் வரைக்கும்தான் என் துறை. விதை ரகம், மருந்து, சந்தை விலை கேட்டவர்கள் உங்கள் வட்டார வேளாண் அலுவலரைப் பாருங்கள்.

சென்னிமலைப் பக்கம்: மலையை ஒட்டி மூணு ஏக்கர் வாங்கியிருக்கோமுங்க. மேல செம்மண் நல்லாத்தான் இருக்கு. ஒரு அடி போனா பாறை. மழை பெஞ்ச நாலாம் நாளே பயிர் வாடுது. மண்ணுல என்ன குறை?

மண்ணில் குறை இல்லைங்க, மண் பத்தலை. மணல் கலந்த செம்மண் ஒரு மீட்டர் ஆழத்துக்கு இருந்தால், செடி உறிஞ்சக்கூடிய தண்ணீர் அதில் ஏறத்தாழ 110 மி.மீ. நிற்கும். உங்களுக்கு இருப்பது கால் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம், 27 மி.மீ. ஆச்சு. அதிலும் நூற்றுக்கு நாற்பது பங்கு சரளை என்றால் மிஞ்சுவது 16 மி.மீ. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற நம்ம ஊரில் வளர்ந்த பயிர் ஒரு நாளைக்கு 5 மி.மீ. குடித்துவிடும். மூணு நாள்தான் கணக்கு. நீங்கள் கண்ணால் பார்த்தது சரி.

கல் எத்தனை பங்கு என்று தெரிய, ஒரு வாளி மண்ணை வெட்டியெடுத்துச் சலியுங்கள். சல்லடையில் நின்ற கல்லை, விளிம்பு வரைக்கும் தண்ணீர் நிறைந்த அதே அளவு வாளியில் போடுங்கள். வழிகிற தண்ணீர்தான் கல்லின் அளவு. அதற்கு முன்னால் ஒரு வேலை: காடு முழுக்கப் பத்துத் தப்படிக்கு ஒரு இடத்தில் கடப்பாரையைக் குத்தி ஆழம் பாருங்கள். ஒரே காட்டில் ஒரு மூலை அரை அடி, இன்னொரு மூலை மூணு அடி இருக்கும். கடப்பாரை போட்டுப் பார்க்காமல் காசைப் போடாதீர்கள்.

ஊத்துக்குளி: மண் பரிசோதனை அட்டையில் சாம்பல் சத்து அதிகம்னு வந்திருக்கு. ஆனா பயிர் தேறலையே?

ஆய்வகத்தில் 2 மி.மீ. சல்லடையில் சலித்து, விழுந்த மண்ணை மட்டும்தான் சோதிப்பார்கள். கல்லைக் கொட்டிவிடுவார்கள். அப்புறம் உங்கள் காடு முழுக்க அந்த மண்ணே இருப்பதுபோல் ஏக்கருக்கு இத்தனை கிலோ என்று அட்டையில் எழுதுவார்கள். பாதி கல் என்றால் அட்டையில் இருப்பதில் பாதிதான் உங்கள் காட்டில் இருக்கிறது. அதற்காக உரத்தை ஒரே தடவையில் கொட்டாதீர்கள். இந்த ஆழத்தில் நிற்காது, ஒரு நல்ல மழைக்குக் கழுவிக்கொண்டு போகும். பிரித்துப் பிரித்து, ஈரம் இருக்கும்போது போடுங்கள்.

காங்கயம்: தென்னை வைக்கலாமா?

ஆழம் சொல்லவில்லையே. நாலு அடிக்குக் குறைந்தால் வேண்டாம்.

மூலனூர்: அப்பா கொறங்காடாவே (மேய்ச்சல் நிலமாவே) விட்டுட்டார். சுத்தியும் கிளுவை வேலி. உழுது கம்பு போடலாம்னு இருக்கேன். பத்து விரக்கடைக்குக் கீழ சுக்கான்.

தம்பி, உழாதீங்க. கெஞ்சிக் கேட்கிறேன். கொழுக்கட்டைப் புல், நடுவில் வெள்வேலமரம், சுற்றி முள்கிளுவை வேலி, உள்ளே காங்கயம் மாடு, செம்மறி ஆடு. பத்து விரல் மண்ணில் இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் படித்ததும் இல்லை, பார்த்ததும் இல்லை. புல்லின் வேர் மேல் மண்ணைப் பிடித்துக்கொள்கிறது. வெள்வேலின் வேர் சுக்கானில் இருக்கிற வெடிப்புக்குள் இறங்கிக் கீழே இருக்கிற ஈரத்தை எடுக்கிறது. புல் காய்ந்த கோடையில் மரம் காயை உதிர்க்கிறது, ஆடு மாடு அதைத் தின்று தாக்குப்பிடிக்கிறது. ஒரு தடவை கலப்பை விட்டால் ஆனி, ஆடிக் காற்றில் பொடி மண் பறந்துவிடும், மறுபடி புல் பிடிக்க வருசக்கணக்கில் ஆகும். பட்டி பட்டியாக மாற்றி மேய விடுங்கள். சீமைக்கருவேல் முளைத்தால் மட்டும் வேரோடு எடுத்துவிடுங்கள்.

தாராபுரத்துக்காரர், இப்போது ஓமானில்: அண்ணா, மஸ்கட்டுக்குப் பின்னாடி இருக்கிற ஹஜர் மலையில பச்சையே கண்ணுக்குத் தெரியல, வெறும் கல். நம்ம கரட்டுலயும் கல்தான், ஆனா செடி இருக்கே. ஏன்?

இந்தக் கேள்விக்காகவே உட்கார்ந்தது வீண் போகவில்லை.

பாறை மண்ணாக வேண்டுமென்றால் தண்ணீர் அதற்குள் இறங்கி அரிக்க வேண்டும். மஸ்கட்டில் வருசத்துக்குச் சுமார் 100 மி.மீ. மழை, நம்ம காங்கயம் வட்டாரத்தில் 600ஐ ஒட்டி. அங்கே பாறையை உடைப்பது பெரும்பாலும் வெயிலும் குளிரும் வெடிப்பில் உறைகிற உப்பும்தான். அது கல்லைச் சில்லாக்கும், களிமண்ணாக்காது. கொஞ்சநஞ்சம் பொடி மண் சேர்ந்தாலும் பிடித்து வைக்கச் செடி கிடையாது. எப்போதாவது கொட்டுகிற மழை அதை மொத்தமாக வழித்து வாதிக்குள் (மழைக்கு மட்டும் ஓடுகிற காட்டாறு) கொண்டுபோய்விடும். அதனால்தான் சரிவில் கல் நிற்கிறது, வாதிக்குள் மரம் நிற்கிறது. உலக மண் வகைப்பாட்டில், 25 செ.மீ.க்குள் பாறை தட்டுகிற மண்ணை லெப்டோசால் என்பார்கள். உலகத்தில் அதிகப் பரப்பில் இருக்கிற மண் வகையே அதுதான்.

அடுத்த விடுமுறை நாளில் அந்தச் சரிவில் பாதி புதைந்து கிடக்கிற ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள் (தேள் இருக்கும், கையை விடாமல் குச்சியால் புரட்டுங்கள்). சுண்ணாம்புப் பாறைப் பக்கமாக இருந்தால் கல்லின் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருக்கும். மழைநீர் கல்லைச் சுற்றி வழிந்து அடியில் நின்று, காயும்போது விட்டுப்போனது அது. அங்கேதான் ஈரம் கடைசியாகக் காய்கிறது. சல்லி வேர் இருந்தால் அங்கேதான் இருக்கும்.

ஜபல் அக்தர் மேலே போனால் மாதுளையும் ரோஜாவும் படிக்கட்டு வயலில் விளைவதைப் பார்க்கலாம். அந்த மண் மனிதர்கள் கல் அடுக்கித் தேக்கியது. தண்ணீர் ஃபலஜ் வாய்க்கால் வழியாக வருகிறது. அந்தப் பாசன முறையை 2006இல் யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இன்னொன்று: தெற்கே தோஃபாரில் பாறை இடுக்கில் நிற்கிற சாம்பிராணி மரமும் உங்கள் தோட்டத்துக் கிளுவையும் ஒரே குடும்பம். இரண்டுக்கும் வெடிப்புக்குள் வேர் விடத் தெரியும்.

பல்லடம்: ரெண்டு அடியில் பாறை. தென்னை வருமா?

மேலே பாருங்கள்.

கொடுமுடி: நிலக்கடலை இலை மஞ்சளா வெளுக்குது, நரம்பு மட்டும் பச்சை. யூரியா போட்டும் மாறல.

சுக்கான் நிலத்தில் இரும்புச் சத்து மண்ணில் இருந்தும் செடிக்குக் கிடைக்காது. மண்ணில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விடுங்கள், பொங்கினால் சுண்ணாம்பு. யூரியாவை நிறுத்தி, லிட்டருக்கு 5 முதல் 10 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்துச் சாயங்காலம் இலையில் தெளியுங்கள்.

சிவன்மலை: பாறையை பிரேக்கர் வச்சு மூணு அடிக்கு உடைச்சுக் குழி எடுத்துத் தென்னை வச்சா...

தென்னை இதோடு மூணு. உடையாத பாறையில் குழி எடுத்தால் அது தொட்டி. மழையில் தண்ணீர் நின்று வேர் அழுகும், வெயிலில் காயும், வேர் வட்டமடித்து நின்றுவிடும். குழியில் பத்துக் குடம் தண்ணீர் ஊற்றி மறுநாள் பாருங்கள். இறங்கியிருந்தால் அடியில் வெடிப்பு இருக்கிறது. வேம்பு, உசிலை, வெள்வேல் வைக்கலாம். கடப்பாரை போட்டுப் பார்க்காமல் பிரேக்கர் வண்டிக்கு வாடகை கொடுக்காதீர்கள்.

வெள்ளகோவில்: எங்க காட்டுல ஆள் விட்டுக் கல் பொறுக்கிட்டிருக்கோம். எத்தனை தடவை பொறுக்கணும்?

நிறுத்துங்கள். சின்னக் கல் வெயிலை மறைக்கிறது, மழைத்துளி மண்ணை அடிக்காமல் காக்கிறது, ஆடிக் காற்றில் மண்ணைப் பிடித்து வைக்கிறது.

அதே வெள்ளகோவில்காரர்: என்னங்க இப்படிச் சொல்றீங்க? எங்க பாட்டன் காலத்துல இருந்து கல் பொறுக்கித்தான் காடு திருத்தினோம். அவங்களுக்குத் தெரியாததா?

சென்னிமலைக்காரர் குறுக்கே: நீங்கதானே கல் இருந்தா தண்ணி நிக்காதுன்னு கணக்குப் போட்டீங்க!

இரண்டும் உண்மைங்க. கல் இருக்கிற இடத்தில் மண் இல்லை, அதனால் கொள்ளளவு குறைவு. ஆனால் மேலே கிடக்கிற கல்லைப் பொறுக்கினால் கீழே மண் கூடிவிடாது; மண்ணுக்குப் போர்வையாக இருக்கிற மூடாக்குத்தான் போகும். பாட்டன்மார் பொறுக்கியது கலப்பையில் மாட்டுகிற கல்லை. பொறுக்கிய கல்லை எங்கே போட்டார்கள்? சரிவுக்குக் குறுக்கே வரப்பாக அடுக்கினார்கள். இப்போது டிப்பரில் ஏற்றி விற்கிறோம்.

வெள்ளகோவில்: சரி, அந்தக் கல் வரப்பை எப்படிப் போடறது?

கொத்தனார் வைத்திருக்கிற தண்ணீர் ட்யூபில் மட்டம் பிடித்துச் சம உயரக் கோடு போடுங்கள். அரை அடி ஆழம் அடித்தளம் எடுத்துப் பெரிய கல்லைக் கீழே பதியுங்கள். மேட்டுப் பக்கம் சின்னக் கல். அதுதான் வண்டலை வடிகட்டும். மண் வரப்பு போடாதீர்கள். அதற்கு வெட்டுகிற இடத்தில் பாறை தெரிந்துவிடும். ஏரி வண்டல் அடிப்பதானால் வரப்புக்கு அப்புறம்தான். ஒரு ஏக்கருக்கு ஒரு அங்குலம் உயர்த்தவே 100 கன மீட்டர், டிராக்டர் டிரெய்லரில் முப்பது நடைக்குக் குறையாது. வரப்பில்லாத சரிவில் கொட்டினால் அத்தனையும் ஓடைக்குப் போகும்.

வெள்ளகோவில்: கல் மூடாக்குங்கிறதை மட்டும் என்னால ஒத்துக்க முடியலைங்க.

ஒத்துக்கொள்ள வேண்டாம், சோதித்துப் பாருங்கள். ஆழமும் சரிவும் ஒன்றாக இருக்கிற இடத்தில் பக்கம் பக்கமாக இரண்டு பாத்தி அளவுக்கு அடையாளம் வையுங்கள். ஒன்றில் சுத்தமாகப் பொறுக்குங்கள், ஒன்றைத் தொடாதீர்கள். ஐப்பசி மழை ஒன்று நன்றாகப் பெய்தபின் ஐந்தாம் நாள் இரண்டிலும் நாலு விரல் ஆழம் தோண்டி, மண்ணைக் கையில் பிடித்துப் பாருங்கள். எது உருண்டையாக நின்றது, எது உதிர்ந்தது என்று அடுத்த வாரம் இங்கேயே எழுதுங்கள். சென்னிமலைக்காரரும் செய்யட்டும், அவர் காட்டில் சரளை அதிகம்.