குதிரை தளர்ந்தால் பொறுப்பு யாருடையது?

கேள்வி: நெடுந்தூரக் குதிரைப் போட்டிகளில் கட்டத்துக்குக் கட்டம் கால்நடை மருத்துவர் பரிசோதித்த பிறகே குதிரையை மேலே செல்ல விடுகிறார்கள். அப்படியிருக்க, அடுத்த கட்டத்தில் குதிரை சுருண்டு விழுந்தால் சவாரி செய்தவரைக் குற்றம் சொல்வது நியாயமா?

பதில்: பல நேரங்களில் நியாயமே. மருத்துவரின் அனுமதி, பரிசோதித்த நேரத்தில் குதிரையை நிறுத்திவைக்கும் அளவுக்குக் குறை எதுவும் தென்படவில்லை என்பதற்கான சான்று மட்டுமே. அதற்குப் பிறகு எந்த வேகத்தில் விரட்டினாலும் அது தாங்கும் என்ற உத்தரவாதம் அன்று. நாடித்துடிப்பு குறித்த நேரத்துக்குள் பொதுவாக நிமிடத்துக்கு 64-க்குள் இறங்கியதா, ஈறு உலர்ந்திருக்கிறதா, குடல் ஒலி கேட்கிறதா, ஓட விட்டால் நொண்டுகிறதா என்று அவர் பார்ப்பதெல்லாம் சில நிமிட வேலை. குளிர்ந்த நீரை வாரி ஊற்றி நாடியை இறக்கிக் கொண்டுவருவதும் நடக்கிறது. 160 கிலோமீட்டரை ஒரே நாளில் கடக்கும் போட்டியில் மணிக்கணக்காகச் சேணத்தின்மீது இருப்பவர் சவாரியாளர்தான். வழக்கமாகத் தொட்டியைக் கண்டதும் வாய் வைக்கும் குதிரை தண்ணீரை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்வதும், ஒரு பக்கத்துக் கால்வீச்சு சற்றே குறுகுவதும் அவருக்குத்தான் முதலில் தெரியும். வியர்வையோடு உப்புகளை இழந்த குதிரையின் விலா, இதயத் துடிப்புக்கு ஒத்தாற்போல் வெட்டி வெட்டி இழுப்பதைப் பார்த்த பிறகும் குதிகாலால் தட்டுகிறவருக்கு மருத்துவரின் கையொப்பம் கேடயமாகாது.

அதேசமயம், முடிவை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதும் தவறு. கூரான கல்லை மிதித்து நொண்டிய குதிரையை விலக்கிக்கொண்டவர் எந்தப் பிழையும் செய்யவில்லை. நான் முதலில் பார்க்க விரும்புவது பரிசோதனை அட்டையை. நாடி இறங்க எடுத்துக்கொண்ட நேரம் கட்டத்துக்குக் கட்டம் நீண்டுகொண்டே போயும் வேகம் குறையாமல் இருந்தால், அல்லது கூடியிருந்தால், எச்சரிக்கை கண்முன்னே இருந்தும் அவர் மதிக்கவில்லை என்றே பொருள்.

முதலாளியோ பயிற்சியாளரோ விரட்டச் சொன்னார் என்ற வாதமும் எழும், குறிப்பாகப் பிறருடைய குதிரையைக் கூலிக்கு ஓட்டும் இளைஞர்களின் விஷயத்தில். சர்வதேச குதிரையேற்ற சம்மேளனத்தின் விதிகள் சவாரியாளரையே பொறுப்பாளராக வைத்துள்ளன. உரிமையாளர் முதலியோரை அவருடன் கூடுதலாகச் சேர்க்க இடமுண்டு, ஆனால் அதனால் அவர் விடுபடுவதில்லை. இறங்கி நடத்திக் கூட்டிவரும் உரிமை அவருக்கு எப்போதும் உண்டு. இருந்தாலும் தண்டனையின் அளவை முடிவு செய்யும்போது, கட்டளையிட்டவருக்கே பெரும்பங்கு சேர வேண்டும் என்பது என் கருத்து.

சவாரியாளரின் கைக்கு அப்பாற்பட்டவையும் உண்டு. 2018-இல் அமெரிக்காவின் ட்ரையானில் நடந்த உலகப் போட்டியில், வெயிலும் புழுக்கமும் அளவு கடந்ததால் நெடுந்தூர ஓட்டத்தைப் பாதியில் ரத்து செய்தார்கள். குதிரைகள் தம் உடல் வெப்பத்தை வியர்வையால் தணித்துக்கொள்ள முடியாத அத்தகைய நாளில், ஓட்டத்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுக்க வேண்டியவர்கள் அமைப்பாளர்களே.