ஒட்டுண்ணி தன் மரபணுவை எங்கிருந்து படிக்கத் தொடங்குகிறது?

படிவம் 6 மாணவி, செந்தூல்: பாடநூலில் உள்ள ‘டாட்டா பெட்டி’தான் எல்லா ஒட்டுண்ணிக்கும் தொடக்க அடையாளமா?

இல்லை அம்மா. டாட்டா பெட்டி என்பது மரபணுவின் தொடக்கத்துக்கு அருகே டி, ஏ எழுத்துகளால் ஆன ஒரு சிறிய டிஎன்ஏ தொடர். மனித மரபணுக்களிலேயே சிறுபான்மைக்குத்தான் அது உண்டு. பால்வினை நோய் தரும் டிரைக்கோமோனாஸில், படியெடுப்பு (மரபணுவிலிருந்து ஆர்என்ஏ நகல் எடுப்பது) தொடங்கும் இடத்திலேயே ஒரு சிறிய எழுத்துத் தொடர் இருக்கிறது. ஐபிபி39 என்ற புரதம் அதைப் பற்றிக்கொள்கிறது.

ஆய்வுக்கூட உதவியாளர், பினாங்கு: டிரிப்பனோசோமில் ஒவ்வொரு மரபணுவுக்கும் தனித் தொடக்கம் இல்லையாமே? அப்புறம் எப்படி?

நான் இன்றும் வியக்கிற பகுதி இது. ஆப்பிரிக்கத் தூக்க நோய் தரும் இந்த உயிரியில் பத்துக்கணக்கான மரபணுக்கள், சில இடங்களில் நூற்றுக்கும் மேல், ஒரே திசையில் வரிசையாக நிற்கின்றன. படியெடுக்கும் நொதியான ஆர்என்ஏ பாலிமரேஸ் 2 வரிசையின் தலைப்பில் ஏறினால் கடைசிவரை படியெடுத்துக்கொண்டே போகும். ஏறும் இடத்தில் எச்2ஏ.இசட் போன்ற மாற்று ஹிஸ்டோன்கள் (டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் புரதங்களின் வேறு வகைகள்) குவிந்திருக்கும். அவைதான் அந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கின்றன. பிறகு அந்த நீள ஆர்என்ஏ துண்டுகளாக வெட்டப்படும். ஒவ்வொரு துண்டின் முனையிலும் ஒரே 39 எழுத்துத் தொடர் ஒட்டப்படும். வரிசை முழுவதும் சேர்ந்தே படியெடுக்கப்படுவதால், எந்தப் புரதம் எவ்வளவு வேண்டும் என்பதைத் தொடக்கத்தில் முடிவு செய்ய வழியில்லை. ஆர்என்ஏ எவ்வளவு நேரம் சிதையாமல் நிற்கிறது என்பதைப் பொறுத்தே அது பெரும்பாலும் அமைகிறது.

மேற்பரப்புப் புரதம் மட்டும் விதிவிலக்கு. பிற உயிர்களில் ரைபோசோம் ஆர்என்ஏவைப் படியெடுக்கும் பாலிமரேஸ் 1 இங்கே அந்தப் புரதத்தின் மரபணுவையும் படியெடுக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மேற்பரப்புப் புரத மரபணுக்களில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் இயங்கும். நம் எதிர்ப்பாற்றல் அதை அடையாளம் காண்பதற்குள் சில ஒட்டுண்ணிகள் வேறொன்றுக்கு மாறிவிடும்.

வாசகர், பத்துமலை: டாக்டர், குரங்கைத் தொட்டால் குரங்கு மலேரியா வருமா?

வராது ஐயா, கொசு கடித்தால்தான் வரும். 2004இல் சரவாக்கின் கப்பிட்டில் மனிதர்களிடம் பரவலாகக் கண்டறியப்பட்ட பிளாஸ்மோடியம் நோலெசி அது. இரத்தத்தில் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும், அதனால் காய்ச்சல் வந்தால் தாமதிக்காதீர்கள்.

அதே மாணவி: மலேரியாக் கிருமிக்குத் தொடக்க விசை எது?

ஃபால்சிபாரம் என்ற மலேரியாக் கிருமியின் டிஎன்ஏவில் 80 சதவீதம் ஏ, டி எழுத்துகளே; டாட்டா மாதிரித் தொடர்கள் எங்கும் தென்படும். அதனால் எழுத்தை மட்டும் பார்த்து இடம் சொல்வது கடினம். 2005இல், டிஎன்ஏவைப் பற்றிக்கொண்டு மரபணுக்களை இயக்கும் ஏபி2 என்ற புரதக் குடும்பம் தெரியவந்தது. தாவரங்களில் உள்ள ஒரு வகையின் உறவு. அதில் ஏபி2-ஜி இல்லாவிட்டால் பாலின வடிவங்கள் உருவாகா. அவை இல்லையென்றால் கொசுவுக்குக் கிருமி போகவே போகாது.