பெரிய சொகுசுக் கப்பலில் பயணிகளுக்கு உண்மையிலேயே பிடித்த வசதி எது?

சிங்கப்பூரிலிருந்து குடும்பத்தோடு பெரிய கப்பலில் போகப் போகிறீர்கள், எந்த வசதியைப் பயணிகள் அதிகம் விரும்புகிறார்கள், எதற்குக் காசு செலவழிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஏற்கெனவே வந்த பதில்களைப் படித்தேன். தண்ணீர்ச் சறுக்கு, செயற்கை அலை, கேசினோ என்று படத்தோடு போட்டிருக்கிறார்கள். சரி, அதெல்லாம் இருப்பதுதான். ஆனால் ஒருவர், "மெயின் டைனிங் பக்கமே போகாதீர்கள், நேரம்தான் வீண், பஃபேயில் சாப்பிட்டுவிட்டு ஊர் சுற்றுங்கள்" என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. மேசையில் உட்கார வைத்துப் பரிமாறும் அந்த மெயின் டைனிங்கில்தான் நான் வெயிட்டராக இருந்தேன், ராயல் கரீபியன் என்ற கப்பல் கம்பெனியின் ஒயாசிஸ் வகைக் கப்பல் ஒன்றில், கரீபியன் கடலில்.

இதைச் சொன்னதும் கம்பெனிக்கு விளம்பரம் செய்கிறேன் என்று சிலர் கிளம்புவார்கள். வேலையை விட்டு ஊரோடு வந்துவிட்டேன். நீங்கள் எந்தக் கப்பலில் போனாலும் எனக்கு ஒரு பைசா வராது.

பயணிகளுக்கு எது பிடிக்கிறது என்று வெயிட்டருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். வெயிட்டருக்குத்தான் தெரியும். இரவுச் சாப்பாட்டுக்குப் பழைய முறைப்படி நேரம் குறித்துப் பதிவு செய்தால், பயணம் முடியும்வரை அதே மேசை, அதே வெயிட்டர், அதே உதவி வெயிட்டர். உட்கார்ந்ததும் அன்றைக்கு என்ன செய்தோம் என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். நாங்கள் தண்ணீர் ஊற்றிக்கொண்டும் பிரெட் கூடையை வைத்துக்கொண்டும் கேட்டுக்கொண்டிருப்போம். முதல் நாள் ராத்திரி எல்லா மேசையிலும் சறுக்குதான். ஒயாசிஸ் வகைக் கப்பல்கள் பலவற்றில் பின்பக்கம் அல்டிமேட் அபிஸ் என்று ஒன்று இருக்கிறது, பத்து மாடி உயரத்திலிருந்து சுழன்று இறங்கும். பிள்ளைகள் கை காலை ஆட்டி ஆட்டி அதைப் பற்றிச் சொல்வார்கள். மூன்றாம் நாள் பாருங்கள், அந்தப் பேச்சே இருக்காது. சில நொடிகளில் முடிந்துபோகிற விஷயம் அது. ஒருமுறை, இரண்டுமுறை போவார்கள், அவ்வளவுதான். ஃப்ளோரைடர் என்கிற செயற்கை அலையும் அப்படித்தான். விழுந்து எழுந்து பழகிய இளைஞர்கள் மட்டும் தினமும் போவார்கள். மற்றவர்கள் கைப்பிடியில் சாய்ந்து வேடிக்கை பார்ப்பார்கள்.

மூன்றாம் நாளிலிருந்து வேறு பேச்சு வரும். அதிகம் என் காதில் விழுந்த பெயர் சென்ட்ரல் பார்க். 2009இல் வந்த ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ் கப்பலில்தான் இது முதலில் வந்தது. மேல் கட்டுமானத்தை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, நடுவே எட்டாம் தளத்தில், வானம் தெரிகிற மாதிரி ஒரு பூங்கா. சுமார் 100 மீட்டர் நீளம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட செடிகள், எல்லாம் நிஜச் செடிகள். பராமரிக்க அதற்கென்றே ஆள் இருக்கிறார். அழகுக்காக மட்டும் அப்படிக் கட்டவில்லை. கப்பல் அகலமாக ஆக, நடுவில் இருக்கிற அறைகளுக்கு ஜன்னல் இல்லாமல் போகிறது. நடுவைப் பிளந்துவிட்டால் அந்த அறைகளுக்கும் வெளிச்சமும் பால்கனியும் கிடைக்கும். இரண்டு பக்கமும் அறைகள் சுவர்போல் எழுந்து நிற்பதால் கடல் காற்று முகத்தில் அறையாது. வயதானவர்கள் மணிக்கணக்கில் அங்கேயே இருப்பார்கள். ஒரு டாலர் கூடத் தனியாகக் கொடுக்க வேண்டாம்.

ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொன்னால் நான் சொல்ல வருவது உங்களுக்குப் புரியும். டெக்சாஸிலிருந்து வந்தவர்கள். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மா. முதல் நாள் ராத்திரி அந்த அம்மா பிரெட்டை மட்டும் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மெனுவில் சைவம் இருந்தது. ஆனால் எல்லாவற்றிலும் சீஸ், அந்த வாசனை அவர்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மகன் "கொஞ்சம் டேஸ்ட் பண்ணிப் பாரும்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில் போய், "அம்மா, நாளைக்குச் சோறும் பருப்பும் சொல்லி வைக்கட்டுமா?" என்று கேட்டேன்.

நிமிர்ந்து பார்த்தார்கள். "தம்பி, நீங்க தமிழா? எந்த ஊரு?"

"நாங்குநேரி பக்கம்மா."

"அப்ப முதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்று செல்லமாகக் கோபித்துக்கொண்டார்கள்.

ஹெட் வெயிட்டரிடம் சொன்னேன், அவர் கிச்சனுக்கு எழுதிக் கொடுத்தார். இந்தியச் சமையல்காரர்கள் கிச்சனில் இருக்கிறார்கள். மறுநாள் சோறு, பருப்பு, பீன்ஸ் பொரியல், தயிர், எலுமிச்சை ஊறுகாய் எல்லாம் வந்தது. அந்த அம்மா ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்து மேசைகளைப் பார்த்தார்கள். "கையாலேயே சாப்பிடுங்கம்மா, இங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்று சொல்லி, ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீரும் எலுமிச்சைத் துண்டும் போட்டு வைத்தேன். அதன்பிறகு வயிறாரச் சாப்பிட்டார்கள். பேச்சும் வந்தது.

அந்த மேசையில் நடந்த பேச்சுதான் உங்கள் கேள்விக்குப் பதில். பெரியவருக்குப் பிடித்தது சென்ட்ரல் பார்க் பெஞ்ச். காலையில் காபியோடு போனால் பத்து மணிவரை அங்கேதான். அப்புறம் லிஃப்ட்டின் தரையில் அன்றைக்கு என்ன கிழமை என்று போட்டிருக்குமே, தினமும் மாற்றுவார்கள், அது அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. கப்பலில் கிழமை மறந்துவிடுகிறது என்றார். பேரனுக்கு ஐஸ் ஸ்கேட்டிங். பாட்டியைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்து வேடிக்கை காட்டியிருக்கிறான். கடலில் போகும் கப்பலில் பனிக்கட்டித் தளம் என்பது 1999இல் வாயேஜர் ஆஃப் தி சீஸ் கப்பலில் தொடங்கியது. வெளியே கரீபியன் வெயில், உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இருந்தோம் என்று அந்த அம்மாவுக்கு அதிசயம் தாங்கவில்லை. மருமகள் சொன்னதுதான் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: "சின்னவளைக் கிட்ஸ் கிளப்ல விட்டுட்டு மத்தியானம் தூங்கினேன் அத்தை. எத்தனை வருஷமாச்சு இப்படித் தூங்கி!"

கிட்ஸ் கிளப்பைப் பற்றி யாருமே எழுதவில்லை, இது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. இளம் பெற்றோர் வாயார வாழ்த்துவது அதைத்தான். மூன்று வயது முடிந்து, டயப்பர் பழக்கம் விட்ட பிள்ளையாக இருந்தால் சேர்த்துக்கொள்வார்கள். பகலில் கட்டணம் கிடையாது, இரவு பத்து மணிக்கு மேல்தான் மணிக்கணக்கில் காசு. அதைவிடச் சின்னப் பிள்ளை என்றால் நர்சரி இருக்கும் கப்பலா என்று பார்க்க வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம்.

வீட்டில் ஒரு சுற்றுலா போனால் ஒருவருக்காக மற்ற நால்வரும் பல்லைக் கடித்துக்கொண்டு அலைவோம் இல்லையா? கப்பலில் அது இல்லை. பெட்டியை ஒருமுறை பிரித்து வைத்தால் போதும். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். காலையில் பிரிந்து அவரவருக்குப் பிடித்த இடத்துக்குப் போய்விட்டு, ராத்திரி ஒரே மேசையில் கூடி அதையெல்லாம் சொல்லிக்கொள்கிறார்கள். இதுதான் பயணிகளுக்கு மிகவும் பிடித்தது என்று நான் அடித்துச் சொல்வேன். மெயின் டைனிங்கை விட்டுவிட்டுப் பஃபேயில் ஆளுக்கொரு தட்டை எடுத்துக்கொண்டு திசைக்கொருவராக உட்கார்ந்தால் இது கிடைக்காது. பஃபே மோசம் என்று சொல்லவில்லை. காலைச் சாப்பாட்டுக்கும், துறைமுகத்தில் சீக்கிரம் இறங்க வேண்டிய நாளுக்கும் அதுதான் வசதி. ராத்திரிக்கு மட்டும் மேசையில் உட்காருங்கள். டிக்கெட்டிலேயே அடங்கின சாப்பாடுதான், தனிக் காசு கிடையாது. கேசினோ பிரியர்கள் சண்டைக்கு வர வேண்டாம், உங்கள் காசு, உங்கள் இஷ்டம். ஆனால் என் மேசைகளில் கேசினோவைப் பற்றிச் சிரித்துக்கொண்டு பேசியவர்கள் குறைவு.

இதற்கு நடுவே வேறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கப்பலைப் பற்றி நான் எங்கே எழுதினாலும், "அண்ணா, கப்பல் வேலைக்கு ஏஜென்ட் மூணு லட்சம் கேட்கிறார், கட்டலாமா?" என்று தம்பிகள் கேட்கிறார்கள். கட்டாதீர்கள். எனக்குத் தெரிந்த பையன் ஒருவன், அம்மாவின் நகையை அடகு வைத்துக் கட்டினான். கையில் கிடைத்தது ஒரு போலிக் கடிதம், அந்தப் பெயரில் கப்பலே இல்லை. கடலோடிகளிடம் வேலை வாங்கித் தருவதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை சொல்கிறது. இந்தியா 2015இல் அதை ஏற்றுக்கொண்டது. மருத்துவச் சான்று, பாஸ்போர்ட், கடலோடிகளுக்கான அடையாளப் புத்தகமான சி.டி.சி. இவற்றின் செலவுதான் நம் தலையில் விழும். கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. அதில் பெயர் இல்லாதவன் எவ்வளவு இனிக்க இனிக்கப் பேசினாலும் எழுந்து வந்துவிடுங்கள். நம் தென் மாவட்டங்களில் இந்தக் கொள்ளை நடந்துகொண்டே இருக்கிறது. நினைத்தாலே வயிறு எரிகிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் சொல்லவில்லை, ஆனாலும் குடும்பம் என்றால் பெரியவர்களும் வருவார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். சிங்கப்பூரிலிருந்து ராயல் கரீபியனில் போனால் பெரும்பாலும் குவாண்டம் வகைக் கப்பல்தான் கிடைத்து வந்திருக்கிறது. அதில் சென்ட்ரல் பார்க் கிடையாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போய் ஏமாற வேண்டாம். அதற்குப் பதில் நார்த் ஸ்டார் இருக்கிறது. கண்ணாடிக் கூண்டில் ஏற்றி, கடல் மட்டத்திலிருந்து சுமார் 90 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிக் காட்டுவார்கள். படி ஏற முடியாதவர்களும் பார்க்கலாம் என்பதால் அப்பா அம்மாவுக்குக் கட்டாயம் பிடிக்கும். காற்று பலமாக அடித்தால் நிறுத்திவிடுவார்கள். அதனால் கடைசி நாளுக்கு என்று தள்ளிப் போடாமல் முதல் வாய்ப்பிலேயே ஏறிவிடுங்கள்.

அறை விஷயத்தில், பெரியவர்களுக்குப் பால்கனி எடுத்துக் கொடுங்கள், அந்தக் காசு வீண் போகாது. நீங்களும் பிள்ளைகளும் உள்ளறையில் இருந்துகொள்ளலாம். குவாண்டம் வகையில் உள்ளறைச் சுவரில் பெரிய திரை வைத்து, வெளியே தெரிகிற கடலை அப்படியே நேரலையில் காட்டுகிறார்கள். பகல் இரவு தெரிந்துவிடும், அடைபட்ட மாதிரி இருக்காது. பிள்ளைகள் எப்படியும் அறையில் தங்க மாட்டார்கள். இணைய வசதியைப் பணம் கட்டி எல்லோருக்கும் வாங்காதீர்கள், ஒருவர் போனுக்கு இருந்தால் போதும்.

இந்தியச் சைவச் சாப்பாடு வேண்டும் என்பதைப் பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள். ஏறின அன்றைக்கே ஹெட் வெயிட்டரைப் பார்த்து இன்னொரு முறை சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம், கேட்டால்தான் கிச்சனுக்குத் தெரியும். தினமும் மறுநாளைக்கு என்ன வேண்டும் என்று முன்தின ராத்திரியே சொல்லிவிட்டால் இன்னும் நன்றாகச் செய்து தருவார்கள்.

முதல் பந்தியா, இரண்டாம் பந்தியா என்று பதிவில் கேட்கும். சின்னப் பிள்ளைகளும் மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்களும் இருந்தால் முதல் பந்தியை எடுங்கள். நிகழ்ச்சிகளுக்கு முன்பதிவு செய்யும்போது சாப்பாட்டு நேரத்தோடு மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல நேரங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், அதனால் பணம் கட்டின கையோடு அதையும் போட்டுவிடுங்கள்.